மொய் நோட்டும் பவுன் கணக்கும்

கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றி நம் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் சிக்கன யோசனைதான். முகூர்த்தம் குறைவான மாதத்தில் மண்டபம் மலிவாகக் கிடைக்கும், அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், பந்தியில் இரண்டு இனிப்பைக் குறைக்கலாம், மேடைக்குப் பூ அலங்காரம் இல்லாமலே சமாளிக்கலாம். எதுவும் தவறில்லை. ஆனால் இந்த யோசனைகள் எல்லாமே ஓர் அனுமானத்தின்மேல் நிற்கின்றன. செலவு என்பது ஒரு குடும்பத்தின் விருப்பம், அந்தக் குடும்பம் மனசு வைத்தால் குறைத்துவிடலாம் என்பது அந்த அனுமானம். தமிழ்நாட்டுக் கல்யாணத்தின் வரவு செலவை ஊன்றிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பெண்ணைப் பெற்றவரோ மாப்பிள்ளையைப் பெற்றவரோ தனியாக முடிவு செய்யக்கூடிய பகுதி அதில் கொஞ்சம்தான். மற்றதில் ஒரு பங்கு, இருபது வருடமாக எழுதிவைத்த மொய் நோட்டில் ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. இன்னொரு பங்கு, இரண்டு வீட்டாரும் நடுவில் பெரியவர்களை வைத்துக்கொண்டு பேசி முடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிவாகிறது. இந்த இரண்டையும் தொடாமல் பந்தியை மட்டும் தொட்டால் மிச்சமாவது சொற்பம். இதுதான் இக்கட்டுரையின் வாதம்.

ஏழையின் கடனுக்கு அவன் வீட்டுக் கல்யாணத்தைப் பழிப்பது பழைய வழக்கம். 1875-இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பறித்துக் கொளுத்தினார்கள். தக்காணக் கலவரம் என்று வரலாற்றில் பதிந்த அந்த நிகழ்வை விசாரிக்க அரசு ஓர் ஆணையம் அமைத்தது. குடியானவன் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் அள்ளி இறைத்துத்தான் கடனாளியானான் என்று அப்போது அதிகாரிகள் பலர் நம்பினார்கள். ஆணையமோ, அந்தக் காரணத்துக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டுவிட்டது என்றும், கல்யாணச் செலவு கடனின் மூலக் காரணமாக அமைவது அபூர்வம் என்றும் கண்டது. ஐம்பது வருடம் கழித்து, 1925-இல், பஞ்சாப் விவசாயியின் கடன் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய மால்கம் டார்லிங் மறுபடியும் கல்யாணச் செலவைக் காரணப் பட்டியலில் சேர்த்தார். ஆனால் துண்டு நிலம், மாடுகள் சாவு ஆகியவற்றோடு சேர்த்து ஒன்றாகத்தான் அதைச் சொன்னார். இன்றைக்கும் வாதம் அங்கேயேதான் நிற்கிறது. ஒரு தரப்பு ஆடம்பர மனத்தைக் குறை சொல்கிறது, இன்னொரு தரப்பு வறுமையைக் காட்டுகிறது. பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

மொய்யிலிருந்து தொடங்கலாம். மதுரை, தேனிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில், பந்திக்குப் போகும் வழியில், ஒரு மேசை போட்டிருக்கும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி, ஊர், பெயர், தொகை மூன்றையும் உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார். அண்மைக்காலமாக நோட்டின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கொடுத்தவர் கையில் ரசீதும் அச்சாகி வருகிறது. எழுதப்படுவது அன்பளிப்புப் பட்டியல் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். உண்மையில் அது கடன் பேரேடு. அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் ஆயிரம் செய்திருந்தால், நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர் ஆயிரத்தைத் திருப்பியாக வேண்டும். திருப்பும்போது சரியாக ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு முடிந்தது, உறவும் அதோடு முடிந்தது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. ஆயிரத்தோடு ஐந்நூறு சேர்த்துச் செய்தால், அந்த ஐந்நூறு இனி நம் தலையில் ஏறிய புதுக் கடன். வட்டி என்ற பேச்சே இல்லை. ஆனால் விலைவாசி ஏறுவதற்கு ஏற்ப இந்தக் கூடுதல் வளர்ந்துகொண்டே போகிறது. சாதாரணக் கைமாற்று, நீதிமன்றம் போக வேண்டுமென்றால், மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். மொய்க்கு அந்தக் காலாவதியும் கிடையாது. அப்பா வாங்கியதை மகன் திருப்புவான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கல்யாணம், காதுகுத்து என்று எந்தச் சாக்கும் தேவையில்லை. ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். ஒருவர் தனியாக வைப்பதில்லை, பலர் கூட்டாகச் சேர்ந்து கறிச்சாப்பாடு போட்டு, செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருமுறை வைத்தவர் மறுபடி வைக்கச் சில வருடம் காத்திருக்க வேண்டும். வரும் தொகையில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள், கடையைப் பெரிதாக்குகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், 2020-இல் ஊரடங்கு வந்தபோதும் இந்தச் சுழற்சி தடுமாறியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை வறண்டால் யாரிடம் வாங்குவது? சேமிப்பையும் கடனையும் காப்பீட்டையும் ஒன்றாக்கிய ஏற்பாடு இது. அதன் பலமும் பலவீனமும் இங்கே ஒருங்கே தெரிகின்றன.

மொய் இவ்வளவு நல்ல ஏற்பாடென்றால் அதைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். வங்கி எட்டிப் பார்க்காத இடத்தில் பிணையில்லாமல், வட்டியில்லாமல், கையெழுத்தில்லாமல் லட்சக்கணக்கில் பணம் புரட்டித் தரும் வழி வேறு எது? நியாயமான கேள்வி. மொய்யை ஒழிக்கச் சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாணச் செலவின்மேல் அதற்குள்ள பிடியைக் கவனிக்க வேண்டும். பழைய மொய்யைத் திரும்பப் பெற வேண்டுமென்றால், யாருக்கெல்லாம் செய்தோமோ அத்தனை பேரையும் அழைத்தாக வேண்டும். பத்திரிகை எத்தனை அடிப்பது, மண்டபம் எத்தனை பேர் கொள்வது, இலை எத்தனை போடுவது எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் புறப்படுகின்றன. இந்தக் குடும்பத்திடம் போய், நூறு பேரோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று சொல்வதற்குச் சமம். பெரிய சம்பளக்காரர் தன் அழைப்பிதழில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று அச்சடித்துவிட முடியும். வாழ்நாள் முழுக்க ஐந்நூறும் ஆயிரமுமாகச் செய்துவந்த கொத்தனாருக்கோ தறிக்காரருக்கோ அந்த வரி கட்டுப்படியாகாது.

இன்னொரு சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மண்டப முன்பணம், நகை, ஜவுளி, சமையல்காரருக்கு அச்சாரம் எல்லாம் மாதங்களுக்கு முன்பே போக வேண்டும். மொய் வருவதோ கல்யாணத்தன்று. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஏலச்சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுப்பார்கள், நகையை அடகு வைப்பார்கள், மகளிர் குழுவில் வாங்குவார்கள், எதுவும் கிடைக்காதபோது வட்டிக்காரரிடம் நிற்பார்கள். ஆகவே மொய்க்கு வட்டியில்லை என்பது பாதி உண்மை. மொய்யை நம்பி வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறு விகிதம் 1.4. நான்கு பிள்ளை இருந்த வீட்டில் நான்கு கல்யாணமும் எட்டுப் பத்து விசேஷமும் நடக்கும், செய்த மொய் பிரித்துப் பிரித்து வந்து சேரும். ஒற்றைப் பிள்ளை வீட்டுக்குக் கிடைப்பது ஒரே கல்யாணம். அந்த ஒன்றிலேயே எல்லாவற்றையும் அறுவடை செய்ய வேண்டும் என்ற நெருக்கடிதான் இன்றைய கல்யாணங்களின் அளவை ஊதிப் பெருக்குகிறது என்பது என் ஊகம். சிறு குடும்பத்தால் செலவு குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மொய் பந்தியின் அளவைத் தீர்மானிக்கிறது என்றால், நகையும் சீரும் பேச்சில் தீர்மானமாகின்றன. தமிழ்நாட்டின் பல சாதிகளில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். பணம் போகும் திசை தலைகீழானது இருபதாம் நூற்றாண்டில். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1984-இல் வெளியிட்ட சிறு நூலில், தென்னிந்தியாவின் வரதட்சணையைப் பழைய சாத்திரத்தின் தொடர்ச்சியாகக் காண்பதை மறுத்து, படிப்பும் மாதச் சம்பளமும் வந்த பிறகு முளைத்த நவீன வழக்கம் என்றார். முறைப்பெண்ணைக் கட்டும் வழக்கம் தளர்ந்ததும் இதோடு சேர்கிறது. அத்தை வீட்டுக்குப் போகிறவளுக்கு எத்தனை பவுன் என்று அத்தை அதட்டிக் கேட்பது அரிது, அவள் வீட்டு நிலைமை அத்தைக்குத் தெரியும். பிள்ளைகளின் உடல்நலம் கருதிச் சொந்தத்துக்குள் மணப்பதைத் தவிர்ப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று அளக்க வேண்டியிருக்கிறது, கையில் கிடைக்கும் அளவுகோல் பவுன். கர்நாடகக் கிராமங்களில் குயவர் குடும்பங்களை ஆராய்ந்து ஃபிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ், சோனால்தே தேசாய் மூவரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வெளியூரில் சம்பந்தம் செய்யும்போது, தங்களுக்கு வாய்த்த சம்பந்தி எப்பேர்ப்பட்டவர் என்பதை உள்ளூர்க்காரர்கள் நேரில் அறிய வழியில்லை. அதைக் காட்டத்தான் விழாவைப் பெரிதாக்குகிறார்கள் என்றார்கள். வீண்பெருமை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லும் செலவு, உள்ளே இருப்பவருக்குத் தகவல் சொல்லும் வழியாக இருக்கிறது.

பவுனில் பேசுவதால் விளையும் கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூலை இறுதியில் சென்னையில் ஆபரணத் தங்கம் ஒரு பவுன் 40,000 ரூபாயைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. அக்காவுக்கு 30 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த வீட்டில், ஐந்து வருடம் கழித்துத் தங்கைக்கும் அதே 30 என்றால், 12 லட்சமாக இருந்தது 27 லட்சமாகிறது. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி மூன்றும் இதற்கு மேல். அந்த ஐந்து வருடத்தில் அப்பாவின் கூலியோ சம்பளமோ இரண்டே கால் மடங்கு ஆகியிருக்குமா? ஆனாலும் பேச்சில் ‘பெரியவளுக்குப் போட்டதைத்தானே கேட்கிறோம், ஒரு பவுன்கூடக் கூட்டவில்லையே’ என்பது நியாயமாகவே ஒலிக்கும். இந்த ஒற்றை வித்தியாசம் 15 லட்சம். மண்டபத்தையும் பந்தியையும் எவ்வளவு சுருக்கினாலும் நடுத்தரக் குடும்பத்தால் அந்தத் தொகையை எட்ட முடியாது. நகை பெண்ணின் சொத்துதானே, செலவில் எப்படிச் சேரும் என்பார்கள். அவள் பெயரில், அவள் பூட்டில், அவள் கையெழுத்தில்லாமல் அடகுக்குப் போகாமல் இருக்கிற வரையில் சொத்துதான். 1985-ஆம் ஆண்டின் விதிகள் கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. அப்படிப் பட்டியல் எழுதும் வீடுகள் எத்தனை என்பதை வாசகர்களே தங்கள் சுற்றத்தில் எண்ணிக்கொள்ளலாம்.

இந்தச் சுமையை யார் தூக்குகிறார்கள் என்ற கேள்விக்கு ‘பெண்ணைப் பெற்றவர்’ என்ற வழக்கமான பதில் முழுமையாகாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் இரண்டாயிரங்களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ இன்னொரு பதிலைத் தந்தது. ஏழைக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு ஆகும் என்பதுதான் விளம்பரமே. நீண்ட வேலை நேரம், வெளியே போகத் தடை, நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் மொத்தத் தொகையும் கிடைக்காமல் போவது என்று ஆய்வறிக்கைகள் அடுக்கடுக்காக வந்த பிறகே ஐரோப்பாவில் துணி விற்கும் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. தன் கல்யாணச் செலவைத் தன் பதினாறு வயது உழைப்பால் முன்கூட்டியே அடைத்தாள் அந்தப் பெண். அத்தனை பவுன் வேண்டும் என்ற முடிவில் மட்டும் அவளுக்குப் பங்கில்லை.

அரசும் நெடுநாள் இதே தராசில்தான் நிறுத்தது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் முதலில் ரொக்கமாக 5,000 ரூபாய் தந்தது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் அது 8 கிராமானது. பெண்ணைக் குறிப்பிட்ட வகுப்பு வரை படிக்கவைத்தால்தான் உதவி என்ற நிபந்தனை நல்ல பலன் தந்திருக்கும் என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் கல்யாணம் என்றால் ஒரு பவுனாவது வேண்டும் என்று அரசே முத்திரை குத்தியது போலவும் ஆனது. 2022-இல் அத்திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போகிறது. ஏழை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தங்கம் நின்றுவிட்டதே என்ற வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வரப்போகும் அரசுப் பவுன் தெரிந்த விஷயமானால், பேச்சில் அதையும் கூட்டித்தான் கேட்பார்கள். மாதம் ஆயிரம் அவளிடமே போகிறது, அதை எந்தச் சம்பந்தியும் எடை போட முடியாது. அந்த மாற்றம் சரியான மாற்றம் என்பதே என் கருத்து.

மனசிருந்தால் குறைக்கலாம் என்பதற்குச் சுயமரியாதைத் திருமணத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்கிறார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும். இதற்கு ஊரறிய விழா எடுக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. புரோகிதரும் நீண்ட சடங்கும் இல்லாமல் கல்யாணம் நடக்கும் என்று அந்த இயக்கம் காட்டியதில் பொருளாதாரமும் உண்டு. ஆனால் அந்த எளிமை எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் பாடம் இருக்கிறது. சும்மா எளிமையாக ஒரு கல்யாணம் செய்தால் ஊர் சந்தேகப்படும். கையில் காசில்லையா, பெண்ணிடம் ஏதேனும் குறையா, அவசரமா என்று பேசும். கொள்கைக்காகச் செய்தோம் என்றால் அந்த எளிமைக்கே கௌரவம் வந்துவிடுகிறது. குலதெய்வத்தின் சன்னதியில் தாலி கட்டுவதாக வேண்டுதல் என்று சொல்லும் குடும்பமும் இதே கௌரவத்தைத்தான் கோயிலிடமிருந்து பெறுகிறது. அந்த வேண்டுதல்களில் எத்தனை உண்மையானவை என்று சாமிக்குத்தான் தெரியும். 2020 மே மாதத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று மத்திய உள்துறை விதித்தபோது அதே சாக்கு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது, வீட்டு வாசலிலேயே தாலி கட்டி முடித்தார்கள். அந்த விதி இலை எண்ணிக்கையைத் தொட்டதே தவிர, பவுன் பேச்சைத் தொடவில்லை. பல சுயமரியாதைத் திருமணங்களிலும் ஐயர் போனார், நகை போகவில்லை.

அப்படியானால் சட்டமே உச்சவரம்பு வைக்கட்டும் என்பது அடுத்த யோசனை. ஐந்து லட்சத்துக்கு மேல் செலவழிப்பவர், செலவில் பத்து சதவீதத்தை ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குத் தர வேண்டும் என்று மக்களவை உறுப்பினர் ரஞ்சீத் ரஞ்சன் 2016-இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2017-இல் ஜம்மு காஷ்மீர் அரசு, மகள் கல்யாணத்துக்கு 500 பேர், மகன் கல்யாணத்துக்கு 400 பேர் என்று வரம்பு கட்டியது. சாதி அமைப்புகள் கட்டிய வரம்புகள் இன்னும் பழையவை. 1888-இல் ராஜபுதனத்தில் ஆங்கிலேய அதிகாரி கர்னல் வால்டர் முன்னின்று அமைத்த சபை, ராஜபுத்திரர் கல்யாணத்தில் வருமானத்துக்கு ஏற்பச் செலவை வரையறுத்தது. அரசு போடும் வரம்பு எண்ணக்கூடியதை மட்டும் எண்ணும். தலையை எண்ணலாம், பட்டுச்சேலைக்குள் கைமாறும் பணத்தை எண்ண முடியாது. 1961 முதல் வரதட்சணைத் தடைச் சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஊர்க் கட்டுப்பாடு இதைவிட வலுவாகப் பிடிக்கும், எல்லோரும் சேர்ந்து குறைத்தால் யாருக்கும் தலைகுனிவில்லை. வரதட்சணை வாங்கும் கல்யாணத்துக்கே போவதில்லை என்று முஸ்லிம்களிடையே தவ்ஹீத் அமைப்புகள் எடுத்த நிலைப்பாட்டின் பலமும் அதுதான். ஆனால் சாதிச் சங்கத்திடம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தால், செலவுக்கு வரம்பு கட்டும் அதே கை, பெண் யாரைக் கட்டக் கூடாது என்பதற்கும் வரம்பு கட்டும். மிச்சமாகும் பணத்துக்காக அந்த விலையைத் தர நான் தயாரில்லை.

கல்யாணம் குறைந்தால் சமையல் மாஸ்டருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் பூ வியாபாரிக்கும் பிழைப்பு ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கணக்கில் அவர்கள் கைக்குப் போவது சிறு பங்கு. ஒரு கல்யாணத்தில் 15 லட்சம் கூடியதற்கு அவர்கள் காரணமும் இல்லை, அதில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. ஊரைக் கூட்டிச் சோறு போடுவதில் தவறு காண்பவன் நானல்ல. கடனில்லாமல் போட முடிந்தால் இரண்டு பாயசமும் போடட்டும்.

சிக்கனத்தைத் தொடங்க வேண்டிய இடம் அடுப்படிக்கு வெகு முன்னால் இருக்கிறது. பேச்சை ரூபாயில் பேச வேண்டும், பவுனில் பேசக் கூடாது. தங்கம் வாங்குவதானால் அந்த ரூபாய்க்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் என்று முடிக்க வேண்டும். நகைக்கும் ரொக்கத்துக்கும் பட்டியல் எழுதிப் பெண் கையெழுத்திட வேண்டும், லாக்கர் அவள் பெயரில் இருக்க வேண்டும். மொய்ச் சுழற்சிக்குள் இருக்கும் குடும்பம், நோட்டில் உள்ள பழைய பாக்கியில் நிச்சயமாக வரும் என்று தெரிந்ததை மட்டும் வரவாகக் கொண்டு, புதிதாக வரக்கூடியதை நம்பிக் கடன் வாங்காமல் இருந்தாலே வட்டியில் பாதி குறையும். இவற்றில் முதல் இரண்டையும் பெண் வீட்டார் கேட்டால் பேரம் என்று ஆகிவிடும், சம்பந்தமே கலைந்தும் போகலாம். சொல்ல வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். மகனுக்குப் பெண் பேச அடுத்த மாதமோ அடுத்த வருடமோ உட்காரப் போகிறவர்கள், எத்தனை பவுன் போடுவீர்கள் என்ற கேள்வி யார் வாயிலிருந்தாவது வருவதற்கு முன்பே, மொத்தச் செலவில் எங்கள் பாதி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.